மற்றது

சுன்சொன்
தென் கொரியா
1990 அக்டோபர் 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

“ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்தோம் டீச்சர். அப்புறம் எந்தம்பி மட்டும் ஏன் மேல படிக்கப் போறான்?” என்று இருபது வருஷங்களுக்கு முன் என் உயிரியல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. நான் ஒரே தொட்டியில் நட்ட இரண்டு பயறு விதைகளை உதாரணம் காட்டி, ஒன்று உயரமாக வளரும், ஒன்று குட்டையாக நிற்கும் என்று சமாளித்து உட்காரவைத்தேன். விதைகளைப் பற்றித்தான் சொன்னேன். தண்ணீர் ஊற்றுகிறவரைப் பற்றிச் சொல்லவில்லை. என் மகள் கியங்ரானுக்கு இரட்டை என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம்தான் வந்து நின்றது.

நீங்களும் சம்பந்திப் பெரியவரும் நலமா? அறுவடைத் திருநாளுக்கு நீங்கள் அனுப்பிய கஷ்கொட்டைகள் வந்து சேர்ந்தன. தனியாக இருக்கிறவளுக்கு இத்தனையா என்று அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தேன். இங்கே ஏரிப் பக்கம் காலையில் பனி மூட ஆரம்பித்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை.

கியங்ரான் பசி தாங்கமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. இரண்டு பிள்ளைகளைச் சுமக்கிறவளுக்குப் பசியும் இரண்டு பங்கு. உங்கள் பெரிய வீட்டில், அத்தனை முன்னோர்களுக்குப் படையல் போடுகிற அடுப்படியில், அவளை நெடுநேரம் நிற்கவிடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மருமகன் இன்சோக் வேலை பார்க்கும் உல்சானிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறாரா? அவசரம் என்றால் நான் போனில் கூப்பிடலாமா என்றும் எழுதுங்கள்.

குளிருக்கு முன் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
பியோ ஜொங்இம்


ஆன்டோங்
1990 அக்டோபர் 21

டீச்சர் சம்பந்திக்கு வணக்கம்.

முழங்கால் வலிக்கு மாசிபத்திரி இலையை வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடுங்கள். இங்கே எல்லாரும் நலம்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பெரியவரின் அறையில் இருக்கிறது. தவிர, சம்பந்திகள் போனில் பேசிக்கொள்வது சந்தையில் நின்று பேரம் பேசுகிற மாதிரி. என் மாமியாரும் என் அம்மாவும் இருபது வருஷம் கடிதத்தில்தான் சண்டை போட்டார்கள். ஒரு வரியில்கூட மரியாதை குறையவில்லை. நாமும் அப்படியே இருப்போம்.

உங்கள் மகளை அடுப்படியில் நிற்கவிடவில்லை. உட்காரவைத்துத்தான் வேலை வாங்குகிறேன். உப்புக் கானாங்கெளுத்தி விற்கிறவள் நேற்று அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, “இந்தக் கூர்மையப் பாருங்க, ரெண்டும் ஆம்பளைதான். பந்தயம் கட்டுறீங்களா?” என்றாள். “நீ மீனுக்கே சரியா எடை போடமாட்ட, வயித்துக்கு எடை போட வந்துட்டியா?” என்றேன். ஆனாலும் பெரிய மீனாக ஒன்று வாங்கினேன்.

இது வெள்ளைக் குதிரை வருஷம். இந்த வருஷம் பிறக்கிற பெண் யாருக்கும் அடங்கமாட்டாள், போகிற வீட்டைக் கவிழ்ப்பாள் என்று எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு. மூன்று வீடு தள்ளி ஒரு மருமகள் போன மாதம் தேகு நகரத்துக்குப் போய்விட்டு இரண்டு நாளில் திரும்பினாள். வயிறு இல்லை. யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, நம் பிள்ளைகள் மார்ச் மாதம்தான். பிப்ரவரி பாதியில் புத்தாண்டு வந்து, குதிரை போய் ஆடு வந்துவிடும். எது எப்படியிருந்தாலும் இரண்டும் ஆண் என்றே பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடல்நலம் பேணுங்கள்.

ஆன்டோங் சம்பந்தி


ஆன்டோங்
1990 டிசம்பர் 6

டீச்சர் சம்பந்திக்கு வணக்கம். நலம்தானே?

உங்கள் நவம்பர் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. குளிர்காலக் கிம்ச்சி போடுகிற வேலை. இருநூறு முட்டைக்கோஸ். உங்கள் மகள் உப்புப் போடுகிறேன் என்று வந்தாள், பூண்டு உரிக்க உட்காரவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆணா பெண்ணா என்று டாக்டர் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் யாரும் கேட்பதுமில்லை, யாரும் சொல்வதுமில்லை. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “துணி எடுக்கணும், என்ன கலர் எடுக்கிறதுன்னு தெரியல” என்றார். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, “நீலத்துல ஒரு செட் எடுங்க. ரோஸ்லயும் ஒரு செட் எடுங்க” என்றார்.

வரும் வழியில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸில் உங்கள் மகள் மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

டாக்டரிடம் பெரியவர் தனியாக இன்னொரு கேள்வியும் கேட்டார். ஒன்றைத் தொட்டால் இரண்டும் போய்விடும் என்று சொல்லிவிட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எப்படியோ, ஆண் பிள்ளை வருகிறான். குலத்துக்கு விளக்கு. மற்றதும் கூட வந்துவிட்டுப் போகட்டும்.

குளிரில் வெளியே போகாதீர்கள்.

ஆன்டோங் சம்பந்தி


சுன்சொன்
1990 டிசம்பர் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

பெண் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். பெரியவரிடமும் படித்துக் காட்டுங்கள். என் பழைய மாணவி ஒருத்தி சோல் நகரில் பிரசவ டாக்டராக இருக்கிறாள். அவளைக் கேட்டேன். வயிற்றில் இரண்டும் ஆணாக இருந்தால் தாய்க்குப் பாரம் கூடுதலாம். சீக்கிரமே பிறந்துவிடுகிறார்களாம். ஆண் பிள்ளைகளுக்கு மூச்சுப்பை பக்குவமாவதும் மெதுவாகத்தான். கூட ஒரு பெண் இருந்தால் கர்ப்பம் இன்னும் கொஞ்சம் நிலைத்து நிற்கிறது, பையனுக்கும் அது நல்லது என்றாள்.

எங்கள் தெருவில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு பையன்கள் சேர்ந்து தங்கினால் பருவம் முடிவதற்குள் துரத்திவிடுவார். அண்ணனும் தங்கையுமாக வந்தால் வருஷக் கடைசி வரை வைத்துக்கொள்வார். தங்கை வீட்டைக் கூட்டுவாள், அந்த அம்மாவுடன் இரண்டு வார்த்தை பேசுவாள், அண்ணனுக்கும் சேர்த்து இடம் நிலைக்கும். உங்கள் பேத்தி அந்தத் தங்கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் நல்லபடியாக வருவது அவளால்தான்.

அதனால் அவளை ‘மற்றது’ என்று எழுதவேண்டாம்.

கியங்ரானுக்குக் கால் வீங்குகிறதா? மோதிரம் கழற்ற வருகிறதா? அதை மட்டும் எழுதுங்கள். புத்தாண்டுக்குப் பிறகு நான் வந்து பார்க்கலாமா?

வணக்கத்துடன்,
ஜொங்இம்


ஆன்டோங்
1991 ஜனவரி 9

டீச்சர் சம்பந்திக்கு வணக்கம். புது ஆங்கில வருஷம் நல்லதாக இருக்கட்டும்.

தங்கை உதாரணம் நன்றாக இருந்தது. பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். முதன்முறையாக அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். “அப்ப அது ஒரு உபயோகத்துக்குத்தான் வந்திருக்கு” என்றார்.

கால் வீக்கம் இருக்கத்தான் செய்கிறது. ரப்பர் செருப்பு போதவில்லை. இன்சோக்கின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறாள். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டோம். முகமும் நிலா மாதிரி இருக்கிறது. ஊர்ப் பெண்கள், “மாமியார் சாப்பாடு மேல ஒட்டுது” என்று என்னைப் புகழ்கிறார்கள். பழுத்த பூசணியை வேகவைத்துச் சாறு கொடுக்கிறேன், வீக்கம் இறங்கிவிடும். தலை வலிக்கிறது என்கிறாள். வெளியே காற்றே படாமல் இருந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

புத்தாண்டுப் படையலுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். அது முடிந்ததும் எழுதுகிறேன், நீங்கள் வரலாம்.

ஆன்டோங் சம்பந்தி


சுன்சொன்
1991 ஜனவரி 14

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

பூசணிச் சாறு பிரசவத்துக்குப் பிறகு வரும் வீக்கத்துக்கு நம் பெண்கள் கொடுப்பது. இது அந்த வீக்கம் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை யாரோ கையால் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? உள்ளே வேகம் ஏறும், செடிக்குத் தண்ணீர் போகாது. கர்ப்பத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்கள் அப்படி இறுகும். தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஏறும், பிள்ளைக்கு ஆகாரம் குறையும். வீக்கமும் தலைவலியும் அதன் அடையாளம். இரட்டை என்றால் இது இன்னும் அதிகம்.

தயவுசெய்து இந்த வாரமே அவளை அழைத்துப் போய் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பதிலுக்கு வழி பார்த்துக் காத்திருப்பேன்.

ஜொங்இம்


ஆன்டோங்
1991 ஜனவரி 27

டீச்சர் சம்பந்திக்கு வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது?

நீங்கள் எழுதியபடியே அழைத்துப் போனோம். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பனி. அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்படியே சேர்த்துவிடுங்கள், இந்த வாரமே வயிற்றைத் திறந்து இரண்டையும் எடுத்துவிடலாம், சிறியவையாக இருந்தாலும் பிழைத்துவிடும் என்றார்.

“இந்த வாரம்னா குதிரை வருஷமில்ல?” என்றார் பெரியவர். டாக்டர் எங்கள் பக்கத்து ஆள்தான், அவருக்குப் புரிந்தது. “ஐயா, குதிரையும் ஆடும் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மனுஷிய பாருங்க” என்றார். பெரியவருக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. புத்தாண்டுக்கு அடுத்த நாள் அழைத்து வருகிறோம் என்று சொல்லிக் கிளப்பிவிட்டார். குலத்தின் மூத்த வீட்டில் வெள்ளைக் குதிரைப் பெண் பிறந்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவர் கவலை.

நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாதகக்காரரிடம் போனேன். அவர் கணக்கில் வருஷம் மாறுவது புத்தாண்டன்று இல்லையாம், வசந்தம் பிறக்கிற பிப்ரவரி நாலாம் தேதியாம். வந்து பெரியவரிடம் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில், “சரி, நாலாம் தேதி” என்றார். பன்னிரண்டு நாள் குறைத்துவிட்டேன். இந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

இன்சோக்கைக் கேட்டோம். “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று உல்சானுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பயப்படாதீர்கள். பெண் கூட இருந்தால் கர்ப்பம் நிற்கும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறோம். பெரியவரும் அதைத்தான் சொல்கிறார். “டீச்சரே எழுதியிருக்காங்க. அது பிடிச்சு நிறுத்தும்” என்று. நேற்று உங்கள் மகள், “அத்தை, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது” என்றாள். “ரெட்டைப் பிள்ளைக்காரிக்கு ரெண்டாத்தான் தெரியும்” என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவள்கூடச் சிரித்தாள்.

நலமாக இருங்கள்.

ஆன்டோங் சம்பந்தி


தந்தி
சுன்சொன், 1991 ஜனவரி 31

கடிதம் இன்று கிடைத்தது. போன் எடுக்கவில்லை. கியங்ரானை இப்போதே ஆஸ்பத்திரியில் சேருங்கள். பெண் பிடித்து நிறுத்தமாட்டாள். கிளம்பிவிட்டேன். ஜொங்இம்.


ஆன்டோங்
1991 மார்ச் 2

டீச்சர் சம்பந்திக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. வழக்கத்தை விட முடியாமல் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நாம் ஒரே பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் கொடுத்த பார்லித் தண்ணீரை வாங்கித் தரையில் வைத்தீர்கள். அதனால் அன்று காலை நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

உங்கள் தந்தி வந்தது. பெரியவர் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை அவர்தான் கழற்றி வைத்திருந்தார். மறுநாள் காலை உங்கள் மகள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அத்தை, லைட்ட ஏன் அணைச்சீங்க?” என்றாள். லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் என் விரலைக் கொடுத்தேன், தழும்பு இருக்கிறது. பெரியவர் வாசலில் நின்று, “இன்னும் மூணு நாள்தானே, மூணு நாள்தானே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு ஓடி, பக்கத்து வீட்டு ஆப்பிள் லாரியை நிறுத்தினேன். வைக்கோலில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகுதான் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தீர்கள், வழியில் பனி, பஸ் தாமதம் என்று.

மற்றது எல்லாம் நீங்களே பார்த்தீர்கள். பேரன் இரண்டு நாள் மூச்சுக்குத் தவித்தான். பெரியவரும் இன்சோக்கும் மலையில் வைத்துவிட்டு வந்தார்கள். பச்சைப் பிள்ளைக்குப் புதைமேடு கட்டக் கூடாது என்பதால் இடம் எனக்குத் தெரியாது.

உங்கள் மகளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. கடற்பாசி சூப் வைத்தால் குடிக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. இனி ஒரு கர்ப்பம் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இன்சோக்கின் தம்பி மகனைச் சுவீகாரம் எடுக்கலாம் என்று பெரியவர் பேசத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு செய்தி. பெரியவர் போன வாரம் போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். பிப்ரவரி இருபது என்று கொடுத்தாராம். புத்தாண்டு தாண்டிய தேதி. எழுதுகிறவர் எதுவும் கேட்கவில்லையாம். இனி அது ஆட்டு வருஷப் பிள்ளைதான். ஆண் என்றால் குலத்தில் அந்தத் தலைமுறைக்கு உரிய எழுத்துப் பார்த்துப் பெயர் வைக்கவேண்டும், இதற்கு அது தேவையில்லை. உங்கள் மகள் நாரே என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள், அதையே வைத்துவிட்டார்.

நீங்களும்தான் எழுதினீர்கள், பெண் கூட இருந்தால் நிற்கும் என்று. மறந்துவிடாதீர்கள்.

உடம்பைக் கவனியுங்கள்.

ஆன்டோங் சம்பந்தி


சுன்சொன்
1991 மார்ச் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறக்கவில்லை. நான் எழுதியது ஆயிரம் தாய்மார்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. உங்கள் வீட்டில் இருந்தவள் ஒருத்தி. மழைக்காலத்தில் பொதுவாக மழை பெய்யும் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, எரிகிற வீட்டுக்கு யாரும் தண்ணீர் எடுக்காமல் உட்கார்ந்திருப்பதில்லை.

இரட்டையரில் எது ஆண், எது பெண் என்பது தாயின் உடம்பை என்ன செய்யும் என்று டிசம்பரில் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். பாரம் என்றேன், மூச்சுப்பை என்றேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு உங்கள் வீட்டை மட்டும் எழுதாமல் விட்டேன். இரண்டும் ஆணாக இருந்திருந்தால், டாக்டர் சொன்ன அன்றைக்கே பெரியவர் அவளைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்திருப்பார். இரண்டும் பெண்ணாக இருந்திருந்தால், டிசம்பரிலேயே தேகு போய் வந்திருப்பீர்கள். ஒன்று ஆண், ஒன்று பெண். அதனால் காத்திருந்தாள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிப்ரவரி இருபது என்று பெரியவரால் ஒரு பேனாவால் எழுத முடிந்தது. எழுதுகிறவர் எதுவும் கேட்கவில்லை. ஜனவரியிலும் கேட்டிருக்கமாட்டார். டாக்டர் சொன்ன நாளிலேயே எடுத்துவிட்டு, பேரனுக்கும் பேத்திக்கும் சேர்த்து இந்தத் தேதியைக் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு வேண்டிய வருஷமும் கிடைத்திருக்கும், பேரனும் இருந்திருப்பான். பேனாவால் முடிகிற வேலையை என் மகளின் வயிற்றைச் செய்யச் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் இங்கே நடமாடுகிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். அவர் மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஜொங்இம்


ஆன்டோங்
1991 மே 12

டீச்சர் சம்பந்திக்கு வணக்கம்.

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே ஆப்பிள் பூத்து உதிர்ந்துவிட்டது.

நூறாம் நாள் விருந்துக்கு உங்களை அழைக்கச் சொல்லிப் பெரியவர் உத்தரவு. மே முப்பது. அவர் எழுதிக்கொடுத்த பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் அன்றுதான் நூறு வருகிறதாம். ஆனால் நேற்றே நான் விடியலில் எழுந்து வெள்ளை அரிசி மாவில் பலகாரம் அவித்து, ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, பிள்ளை கொடுக்கிற அம்மனுக்கு அடுப்படி மூலையில் கும்பிட்டேன். எனக்கு நூறு எண்ணத் தெரியும். உங்கள் மகள் கதவருகில் நின்று பார்த்தாள். ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். ஜனவரிக்குப் பிறகு என் கையால் கொடுக்காமல் அவளாக எடுத்துத் தின்றது அதுதான்.

உங்களிடம் ஒரு கேள்வி. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தால் பெரியவர் தொட்டிலைப் பார்த்து, “குதிரைக்குட்டி உதைச்சே அண்ணனைக் கொன்னுட்டு வந்துட்டா” என்கிறார். கொழுந்தன் பெண்டாட்டியும் அதையே ஊரில் சொல்கிறாள். “ரெண்டு பேருல யாரு தெம்பா வந்தான்னு பாத்தாலே தெரியலையா?” என்கிறாள். மற்றது தெம்பாகத்தான் இருக்கிறது. தூக்கினால் காலால் என் வயிற்றில் எட்டி உதைக்கிறது. அந்த உதை படும்போதெல்லாம் எனக்கும் அப்படி இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து போகிறது. டீச்சர், நீங்கள் சொல்லுங்கள். அது அவனைத் தள்ளியதா?

என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹுநாம். அடுத்தது ஆணாக வரட்டும் என்று அப்பா வைத்தது. வந்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, வேலை முடிந்த பெயர். எழுதி எத்தனையோ வருஷமாயிற்று, எழுத்து கோணலாக வருகிறது.

குவோன் ஹுநாம்


சுன்சொன்
1991 மே 20

ஹுநாம் அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்கள் விரல் தழும்பு ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. தள்ளவில்லை. ஜனவரியில் எழுதிய ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். கியங்ரானின் உடம்பில் குழாய்கள் இறுகி, இரண்டு பிள்ளைகளுக்கும் போகிற ரத்தம் குறைந்தது. ஒரே அளவு பஞ்சம். பஞ்சத்தில் ஆண் சிசு பெரும்பாலும் முதலில் தளரும், பெண் சிசு கொஞ்சம் கூடத் தாங்கும். அவள் பங்கை அவள் தின்றாள், அவன் பங்கைத் தொடவில்லை. ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு கொடி. உதைத்தாலும் அவனுக்குப் படாது. அவன் மூச்சுப்பைக்கு வேண்டியிருந்தது டாக்டரின் மருந்தும் மேசையும். அது கிடைக்காமல் போனது யாரால் என்று நான் திரும்ப எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். பெரியவர் குடித்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்துப் பேசுவதும் அது தெரிந்துதான்.

மே முப்பதுக்கு நான் வரமாட்டேன். என் பேத்தி பிறந்தது பிப்ரவரி ஒன்று. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தேன். உள்ளேயிருந்து முதலில் வந்த அழுகை அவளுடையது. பதினொன்றாம் தேதி நீங்கள் அவித்த பலகாரத்துக்கு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நான் எதையும் கேட்கிற இடத்தில் இல்லை. ஆனால் கியங்ரான் போன வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். ஐந்து வரி. குழந்தையோடு இங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வா என்று எழுதிவிட்டேன். பெரியவர் ஒருவேளை நிம்மதியாக அனுப்பிவிடுவார். நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியவில்லை. அவள் கடிதத்தின் கடைசி வரி இது: ‘அத்தை ஒரு தடவைகூட அவளை நாரேன்னு கூப்பிட்டதில்லம்மா.’

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, பதிந்த செய்தியில். மற்ற எல்லா இடத்திலும் மற்றது, அது, இது.

அவர்கள் கிளம்புவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு, நாரே என்று வாய்விட்டுக் கூப்பிடுங்கள். இந்த வயதுக்கு உடனே திரும்பமாட்டாள். திரும்பிப் பார்க்கிறவரை கூப்பிடுங்கள்.

ஜொங்இம்